சிலம்பம் கிளாஸ் ரிவ்யூ: பிள்ளை வெயிட்டுக்காக சேக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு

மதுரையில எங்க ஏரியாவுல சாயங்காலம் நடக்குற சிலம்பம் கிளாஸுக்கு என் மக போன ஜூன்ல இருந்து போயிட்டு இருக்கா, 11 வயசு, ஆறாவது படிக்கிறா. கிளாஸ் பத்தி யாரு கேட்டாலும் மொத கேள்வி "வெயிட் குறைஞ்சுச்சா"ங்குறது தான், அதனால அதுக்கே மொதல்ல பதில் சொல்லிடுறேன். குறையல. சேரும்போது 42 கிலோ, இப்ப 43. ஆனா அப்ப உயரம் 144 செ.மீ., இப்ப 147. கணக்கு போட்டுப் பாருங்க, பிஎம்ஐ, அதாவது கிலோவை மீட்டர் உயரத்தால ரெண்டு தடவை வகுத்தா வர்ற நம்பர், 20.3ல இருந்து 19.9க்கு வந்திருக்கு, கிலோ ஏறியும் பிஎம்ஐ எறங்கியிருக்கு. வளர்ற பிள்ளைக்கு இது தான் நல்ல செய்தி, ஆனா வெறும் எடை மிஷினை மட்டும் பாக்குற வீட்டுல "பணம் கட்டியும் ஒரு கிலோ கூடிருச்சே"ன்னு கிளாஸை நிறுத்திருவாங்க. அப்படி நிறுத்தினவங்களை நானே பாத்துட்டேன், அந்த ஆதங்கத்துல தான் இம்புட்டு நீளமா எழுதுறேன்.

கிளாஸ் பேரை போடல. நல்லதும் எழுதப்போறேன் குறையும் எழுதப்போறேன், அதோட இந்த மாதிரி கிளாஸ் நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு இருக்கு, போய் நின்னா எதைப் பாக்கணும்னு தெரிஞ்சா போதும்.

பிஎம்ஐ பத்தி ஒண்ணு. பெரியவங்களுக்கு சொல்ற 23, 25 கணக்கு பிள்ளைங்களுக்கு அப்படியே ஆகாது, வயசுக்கும் ஆணா பொண்ணாங்குறதுக்கும் தனித்தனி சார்ட் இருக்கு. நம்ம நாட்டு குழந்தை மருத்துவர் சங்கம், ஐஏபி, 2015ல 5 வயசுல இருந்து 18 வரைக்கும் சார்ட் திருத்தி வெளியிட்டிருக்கு. அதுல 23ன்னு ஒரு கோடு, 27ன்னு ஒரு கோடு வளைஞ்சு போகும், பெரியவங்க கணக்குல 23க்கும் 27க்கும் சமமான அளவு அந்தந்த வயசுல எவ்வளவுன்னு காட்டுற கோடு. முதல் கோட்டைத் தாண்டினா அதிக எடை, ரெண்டாவதைத் தாண்டினா உடல் பருமன். எங்க டாக்டர் சார்ட்டுல புள்ளி வச்சுக் காட்டும்போது என் மக ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருந்தா, இப்பவும் நடுவுல தான் இருக்கா, ஆனா கீழ் கோட்டைப் பாத்து எறங்கிட்டு இருக்கா. டாக்டர் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, "இந்த வயசுல வெயிட்டை குறைக்க பாக்காதீங்கம்மா, வெயிட்டை மெதுவாக்குங்க, உயரம் வந்து சரி பண்ணிக்கும்". பொண்ணுங்க வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி சதை போடுறதும் சட்டுனு உயரம் போடுறதும் இயற்கை, அந்த நேரத்துல சோத்தைக் குறைச்சா வளர்ச்சியில கை வைக்கிற மாதிரி ஆகிரும்னாரு.

அப்புறம் கழுத்து. நிறைய பிள்ளைங்களுக்கு பின் கழுத்துல, கக்கத்துல கறுப்பா, தடிப்பா, வெல்வெட் துணி மாதிரி இருக்கும், வீட்டுல எல்லாரும் அழுக்குன்னு நெனச்சு பீர்க்கங்காய் நார் போட்டு தேச்சுத் தேச்சு பிள்ளையை அழ விடுவாங்க. அது பெரும்பாலும் அழுக்கு கிடையாது, இன்சுலின் சரியா வேலை செய்யலைங்குறதுக்கு உடம்பு காட்டுற அடையாளமா இருக்கலாம். அப்படி இருந்தா தேய்க்குறதை விட்டுட்டு டாக்டர்ட்ட காட்டி ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க, இதை தயவு செஞ்சு தள்ளிப் போடாதீங்க.

சரி, கிளாஸுக்கு வரேன்.

இதுக்கு முன்னாடி ரெண்டு இடம் பாத்தோம். ஒண்ணு ஏசி ஹால்ல நடக்குற கிட்ஸ் ஃபிட்னஸ் சென்டர், கலர் கலரா மேட்டு, சுவர் முழுக்க கார்ட்டூன், மாசம் 3,500. போன உடனே பிள்ளையை ஒரு மிஷின்ல ஏத்தி கொழுப்பு இத்தனை சதவீதம், தண்ணி இத்தனை சதவீதம்னு ஒரு பிரிண்ட் குடுத்தாங்க. அந்த மிஷின் உடம்புக்குள்ள லேசா கரண்ட் விட்டுப் பாத்து கணக்கு போடுறது தான், தண்ணி குடிச்சிருக்கா, சாப்பிட்டிருக்கா, வேர்த்திருக்காங்குறதைப் பொறுத்தே நம்பர் மாறும். அந்த பிரிண்ட்டைக் காட்டி அதே மேசையில புரோட்டீன் பவுடர் டப்பா ஒண்ணு எடுத்து வச்சாங்க, 11 வயசு பிள்ளைக்கு. வந்துட்டோம்.

இன்னொண்ணு எங்க அண்ணன் மகன் போற கிரிக்கெட் கோச்சிங். கோச் நல்லவரு, குறை சொல்றதுக்கு இல்ல, ஆனா ஒரு வலைக்கு அத்தனை பசங்க, ஒருத்தன் பேட் பிடிச்சா மத்தவன்லாம் வரிசையில நிக்குறான், தண்ணி பாட்டிலைச் சுத்திக்கிட்டு. ஒண்ணரை மணி நேரத்துல அவன் உண்மையிலயே ஓடினது எவ்வளவு நேரம்னு பாத்தா மனசு கஷ்டமா இருந்துச்சு. கிரிக்கெட் கத்துக்க அது சரி, உடம்பு அசையணும்னு சேக்குறவங்க இந்த நிக்குற நேரத்தை கட்டாயம் கணக்குல எடுக்கணும். உலக சுகாதார நிறுவனம் 5ல இருந்து 17 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு சராசரியா 60 நிமிஷம் நல்லா மூச்சு வாங்குற மாதிரி அசையணும், வாரத்துல 3 நாளாவது எலும்பும் தசையும் உறுதியாகுற மாதிரி வேலை இருக்கணும்னு சொல்லுது. 60 நிமிஷம் அசையுறது வேற, 60 நிமிஷம் கிரவுண்ட்ல இருக்குறது வேற.

சிலம்பம் கிளாஸ் ஜெயிச்சது இங்க தான். வாரம் 5 நாள், சாயங்காலம் அஞ்சரைல இருந்து ஆறே முக்கால் வரைக்கும். ஒவ்வொரு பிள்ளை கையிலயும் ஒரு கம்பு, அதனால யாரும் யாருக்காகவும் காத்துக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. முதல்ல கிரவுண்டைச் சுத்தி ஓட்டம், அப்புறம் தவளை பாய்ச்சல், தோப்புக்கரணம், ஒத்தக்கால்ல நொண்டி. அடுத்து கம்பு இல்லாம வெறும் காலடி, முன்னால வச்சு பின்னால எடுத்து, திரும்பி, உக்காந்து எந்திரிச்சு. இதுவே தொடைக்கு நல்ல வேலை, மொத வாரம் என் மக மாடிப்படி எறங்க முடியாம சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. அதுக்கப்புறம் தான் கம்பு வீச்சு, ஒத்தக் கையில, ரெண்டு கையில, தலைக்கு மேல, முதுகுக்குப் பின்னால. கை மணிக்கட்டு, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்துல வேலை செய்யுது, புத்தியும் அங்கேயே இருக்கணும், இல்லாட்டி கம்பு காதுல படும். கடைசி பதினஞ்சு நிமிஷம் விளையாட்டு, ஒரு நாள் கோ-கோ, ஒரு நாள் கபடி, ஒரு நாள் சும்மா ஓடிப்பிடிச்சு. அந்த பதினஞ்சு நிமிஷத்துக்காகவே பாதி பிள்ளைங்க வருது, மாஸ்டருக்கும் அது தெரியும், அதை ஒரு நாளும் வெட்ட மாட்டாரு.

கஷ்டமா செய்யுதா சும்மா செய்யுதான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. பிள்ளை அசையும்போது பேச முடியுது ஆனா பாட்டு பாட முடியலைன்னா மிதமான வேலை நடக்குது. ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல பேச முடியாம மூச்சு வாங்குச்சுன்னா கடுமையான வேலை. ஓரமா உக்காந்து பாத்தேன், இவங்க கிளாஸ்ல பெரும்பாலான நேரம் பிள்ளைங்க இந்த ரெண்டுல ஒண்ணுல தான் இருக்காங்க. எந்த கிளாஸுக்கு போனாலும் டிரையல் அன்னைக்கு ஓரமா உக்காந்து இதை மட்டும் பாருங்க, சுவத்துல மாட்டியிருக்குற கோப்பையை பாக்காதீங்க.

மாஸ்டர் சத்தமா பேசுவாரு, ஆனா கேலி பண்ண மாட்டாரு. இது எனக்கு ரொம்ப பெருசு. என் மகளை சொந்தக்காரங்க வீட்டுக்கு கூட்டிட்டுப் போனா "என்னடி பூசணிக்கா"ன்னு தான் கூப்பிடுவாங்க, பாசமாத் தான் சொல்றாங்கன்னு சொல்லுவாங்க, ஆனா அவ அன்னைக்கு ராத்திரி சாப்பிடாம எந்திரிச்சுருவா, மறுநாள் யாருக்கும் தெரியாம பிஸ்கட் பாக்கெட் காலியாகும். குண்டுன்னு சொல்லிச் சொல்லி எந்தப் பிள்ளையும் இளைச்சதில்ல, ஒளிஞ்சு சாப்பிடத் தான் கத்துக்கும், விளையாட கூப்பிட்டா "நான் வரல"ன்னு ஓரமா ஒதுங்கத் தான் கத்துக்கும். இங்க மாஸ்டர் கொஞ்சம் உடம்பா இருக்குற பிள்ளைங்களை பின் வரிசையில தள்ளுறதில்ல. காலடி சுத்தமா வச்சா முன்னால வந்து காட்டச் சொல்றாரு. என் மகளுக்கு ஓட்டத்துல கடைசி இடம் தான், ஆனா ஊன்றி நின்னு வீசுறதுல அவ நிலை உறுதியா இருக்குன்னு மாஸ்டர் எல்லார் முன்னாடியும் சொன்ன அன்னைக்கு வீட்டுக்கு வந்து மொட்டை மாடிக்கு கம்பை எடுத்துட்டுப் போனவ இருட்டுனதுக்கு அப்புறம் தான் எறங்கினா.

பொண்ணுங்களை பெத்தவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. அஞ்சாவது வரைக்கும் பசங்க பொண்ணுங்க எல்லாம் ஒண்ணா ஓடும், வயசுக்கு வந்த உடனே பொண்ணு விளையாட்டுக்கு வர்றது நின்னுரும், எந்த கிரவுண்டுக்கு போனாலும் ஏழாவது எட்டாவதுக்கு மேல பொண்ணுங்களை தேடித்தான் பாக்கணும். இங்க மாஸ்டர் வீட்டு அக்காவும் சொல்லித் தர்றாங்க, பெரிய பொண்ணுங்க பேட்ச்சை அவங்க தான் பாத்துக்குறாங்க, மாசத்துல அந்த நாள்ல வலி இருந்தா அவங்ககிட்ட சொல்லிட்டு உக்காரலாம், வலி இல்லாட்டி ஆடலாம், யாரும் "இன்னைக்கு தொடக் கூடாது"ன்னு சொல்றதில்ல. லூஸ் பேண்ட்டும் டீ ஷர்ட்டும் தான் டிரஸ். அதனால பத்தாவது படிக்கிற பொண்ணுங்க கூட வந்துட்டு இருக்காங்க, சின்னப் பொண்ணுங்களுக்கு அவங்களைப் பாத்துப் பாத்தே தைரியம் வருது. ஆனா டாய்லெட் வசதி கிடையாது, பக்கத்துல இருக்குற மாஸ்டர் வீட்டுக்குத் தான் போகணும், அது ஒரு பெரிய குறை, இத்தனை பொண்ணுங்க வர்ற இடத்துல இதை அவங்க சரி பண்ணியே ஆகணும்.

இப்ப எனக்குக் கோபம் வந்த விஷயம். மாசம் ஒரு தடவை எடை பாப்பாங்க, மிஷினை நடுவுல வச்சு, ஒவ்வொரு பிள்ளையா பேரைக் கூப்பிட்டு நிக்க வச்சு, உதவிக்கு வர்ற பெரிய பையன் ஒருத்தன் நம்பரை சத்தமா சொல்ல, இன்னொருத்தன் நோட்டுல எழுதுறது. என் மக அன்னைக்கு வயித்து வலின்னு சொல்லி லீவு போட ஆரம்பிச்சா. போய் மாஸ்டர்கிட்ட பேசினேன், "மாஸ்டர், நீங்க வாயால ஒரு தடவை கூட எந்தப் பிள்ளையையும் கேலி பண்ணினதில்ல, ஆனா இந்த மிஷின் மாசாமாசம் கேலி பண்ணுது"ன்னேன். அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. மறு மாசத்துல இருந்து அக்கா தனியா உள்ள வச்சு பாக்குறாங்க, உயரமும் சேத்து அளக்குறாங்க, நம்பரை பெத்தவங்க போனுக்கு மட்டும் அனுப்புறாங்க. சொன்னா கேக்குற மனுசர்ங்குறதுக்காகவே எனக்கு அவர் மேல மதிப்பு கூடுச்சு. உங்க பிள்ளை போற இடத்துல, அது ஸ்கூலா இருந்தாலும், எல்லார் முன்னாடியும் எடை பாத்தா தயங்காம போய் பேசுங்க.

ஒல்லியா இருக்குற பிள்ளையைப் பெத்தவங்க இந்த ரிவ்யூ நமக்கு இல்லைன்னு போயிராதீங்க. மொத நாள் ஓட்டத்துல பாதியில நின்னு வாந்தி எடுத்தது குண்டா இருக்குற பிள்ளை இல்ல, குச்சி மாதிரி இருக்குற ஒரு பையன். அவங்கம்மா "அவனுக்கென்ன, எவ்வளவு தின்னாலும் உடம்புல ஒட்டாது"ன்னு பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தவங்க. நம்ம ஜனங்க உடம்பு வாகே அப்படி, வெளிய ஒல்லியா தெரிஞ்சாலும் உள்ள கொழுப்பு விகிதம் கூட இருக்கும், புனேல டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் பிறந்த குழந்தைங்களை அளந்தே இதைக் காட்டியிருக்காரு, இங்கிலாந்து குழந்தையை விட நம்ம குழந்தை எடை கம்மி, ஆனா எடைக்குத் தக்கன பாத்தா கொழுப்பு ஜாஸ்தி. அதனால எடை சரியா இருக்குங்குறது உடம்பு தெம்பா இருக்குங்குறதுக்கு சான்று ஆகாது. அந்தப் பையன் இப்ப நல்லா ஓடுறான், சாப்பாடும் பசிச்சு சாப்பிடுறானாம்.

தெம்பு கூடியிருக்கான்னு எப்படி பாக்குறது? மத்திய அரசு ஸ்கூல் பிள்ளைங்களுக்காக வச்சிருக்குற கேலோ இந்தியா ஃபிட்னஸ் டெஸ்ட்ல இருக்குறதையே எடுத்துக்கிட்டேன், 4ஆம் வகுப்புல இருந்து 12 வரைக்கும் அதுல 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டமோ நடையோ, உக்காந்து முன்னால குனிஞ்சு எட்டித் தொடுறது, 30 விநாடியில எத்தனை கர்ல் அப் (மல்லாந்து படுத்து தலையையும் தோளையும் தூக்குறது), அப்புறம் புஷ் அப், பொண்ணுங்களுக்கு முட்டி ஊன்றி. 600 மீட்டர்ங்குறது 400 மீட்டர் டிராக்ல ஒண்ணரை சுத்து. சேந்த புதுசுல என் மக அரை சுத்துலயே நடக்க ஆரம்பிச்சுட்டா, நாலரை நிமிஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப நிக்காம ஓடி மூணே முக்கால் நிமிஷத்துல முடிக்கிறா. குனிஞ்சா விரல் கால் விரலைத் தாண்டுது. எனக்கு எடை மிஷினை விட இந்த நம்பர்ல தான் நம்பிக்கை, காசும் செலவில்ல, போன்ல ஸ்டாப் வாட்ச் இருந்தா போதும். ஸ்கூல்லயே பிடி பீரியட் ஒழுங்கா நடந்தா இதெல்லாம் வெளிய தேடவே வேண்டாம், ஆனா பரீட்சை வந்தா மொத காவு பிடி பீரியட் தான், கணக்கு மிஸ் வந்து நின்னுருவாங்க.

பாதுகாப்பு சுமார் தான். தரை சிமெண்ட்டு, வெறுங்கால்ல குதிச்சுக் குதிச்சு சில பிள்ளைங்களுக்கு குதிகால் வலி வருது, செம்மண் தரையா இருந்தா நல்லா இருக்கும். பேட்ச் பெருசாகுறப்ப பிள்ளைங்களுக்கு நடுவுல இடைவெளி குறையுது, விரல் மூட்டுல அடி படுறது சகஜமா இருக்கு. ரெண்டு கை விரிச்சு கம்பு நீட்டினாலும் பக்கத்துல யாரும் படாத இடம் இருக்கணும், ஜோடி போட்டு அடிக்கிறப்ப தலைக்கு ஹெல்மெட் கட்டாயம் வேணும், இங்க போட்டிக்கு போற பிள்ளைங்களுக்கு மட்டும் தான் குடுக்குறாங்க. முதலுதவி பெட்டி இருக்கு, அதுவரைக்கும் நல்லது. கம்பு பிள்ளை நெத்தி உயரத்துக்கு இருக்கணும், அதை விட நீளமா வாங்கிக் குடுத்தா சின்னப் பிள்ளைக்கு தோள் வலி தான் மிச்சம்.

அடுத்து இந்த "உலக சாதனை" நிகழ்ச்சி. நம்ம பக்கம் சிலம்பம் கிளாஸ் வச்சிருக்குறவங்க நிறைய பேரு இதை நடத்துறாங்க, இத்தனை நூறு பிள்ளைங்க இத்தனை மணி நேரம் விடாம கம்பு சுத்துறதுன்னு, டீ ஷர்ட்டு, மெடல், சர்டிபிகேட்டுன்னு சேத்து ஆயிரத்துக்கு மேல வாங்குறாங்க. இவங்களும் கேட்டாங்க, நான் அனுப்பல. வெயில்ல மணிக்கணக்கா ஒரே சுத்து சுத்துறதுல பிள்ளை உடம்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, மணிக்கட்டு வீங்குறது தான் மிச்சம். தமிழ்நாடு அரசு சிலம்பத்தை அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இட ஒதுக்கீட்டுல சேத்ததுல இருந்து பெத்தவங்களுக்கும் சர்டிபிகேட் ஆசை வந்திருச்சு, ஆசைப்படுறது தப்பில்ல, ஆனா எந்தப் போட்டி சர்டிபிகேட் செல்லும்னு மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல கேட்டுட்டு பணத்தைக் கட்டுங்க. அனுப்பலைன்னதுக்காக என் மகளை மாஸ்டர் ஒரு நாளும் ஒதுக்கி வைக்கல, அதையும் சொல்லணும்.

சாப்பாடு விஷயத்துல கிளாஸ் ஒண்ணும் தலையிடுறதில்ல, கேட்டா எண்ணெய் பலகாரம் வேணாம்பாரு மாஸ்டர், அவ்வளவு தான். கிளாஸ் முடிஞ்சு வெளிய வந்தா எதிர்ல பேக்கரி, பப்ஸ், கிரீம் பன், கூல்டிரிங்க்ஸ். ஓடி வந்த பிள்ளை பசியில அதைத் தான் கேக்கும், 250 மில்லி கோலா பாட்டில்ல 25 கிராமுக்கு மேல சர்க்கரை இருக்கு, அதைக் குடிச்சா ஆடினதுல ஒரு பங்கு அங்கேயே ஈடாயிரும். ஸ்கூல் வாசல்ல இருந்து 50 மீட்டருக்குள்ள இந்த மாதிரி கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமான ஐட்டம் விக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம், எஃப்எஸ்எஸ்ஏஐ, 2020லயே விதி போட்டிருச்சு, எங்க ஊர்ல ஸ்கூல் விட்ட நேரத்துக்கு போய் நின்னு பாத்தீங்கன்னா அந்த விதி எந்த லட்சணத்துல இருக்குன்னு தெரியும். நாங்க பையிலயே ஒரு டப்பா குடுத்து விடுறோம், அவிச்ச கடலை, இல்ல கொண்டக்கடலை சுண்டல், கூட ஒரு கொய்யா, பாட்டில்ல மோர். ராத்திரி எட்டு மணிக்குள்ள சாப்பாடு, எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. "நீ குண்டு, உனக்கு மட்டும் சப்பாத்தி"ன்னு தட்டுல பிரிவினை கிடையாது. ஆடிட்டு வர்றதால ஒம்பதரைக்கெல்லாம் தானா தூங்கிருறா, முன்னாடி போனை வச்சுக்கிட்டு பதினொண்ணு வரைக்கும் முழிச்சிருப்பா, எனக்கு இந்த ஒரு மாற்றமே கட்டின பணத்துக்கு சரியாப் போச்சு.

ஃபீஸ் மாசம் 700, சேரும்போது 500, கம்பு வெளிய வாங்கினா 150ல இருந்து 200க்குள்ள கெடைக்கும், கிளாஸ்லயே வாங்கணும்னு கட்டாயம் இல்ல. மழைக்காலத்துல கிளாஸ் பாதி நாள் நடக்காது, ஃபீஸ்ல குறைக்க மாட்டாங்க. ஆஸ்துமா, இதயக் கோளாறு, முட்டி வலி இருக்குற பிள்ளையா இருந்தா டாக்டர்ட்ட கேட்டுட்டு சேருங்க. 6 வயசுக்கு கீழன்னா வேணாம், கம்பை வச்சு அடிச்சுக்கிட்டு தான் வரும். தனியாவே இருக்கப் பிடிக்குற, கூட்டம் ஆகாத பிள்ளைன்னா நீச்சலோ சைக்கிளோ இதை விட ஒத்துப்போகலாம். மத்தபடி 5க்கு 4 குடுக்குறேன், டாய்லெட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் தான் அந்த ஒண்ணு குறைச்சேன். டிரையல் ரெண்டு நாள் ஃப்ரீ, பிள்ளையை அனுப்பிட்டு வண்டியிலயே திரும்பிராம உள்ள போய் உக்காந்து பாருங்க, மூணாவது நாளும் போகணும்னு பிள்ளை தானா கேட்டா மட்டும் பணத்தைக் கட்டுங்க.